ஜூஸ் கடைக்காரர் கலக்கிய பால்

எங்கள் தெரு முனையில் ஜூஸ் கடை வைத்திருப்பவரை எல்லோரும் 'அளவு அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். அவர் கடை டம்ளரில் ஒரு கோடு உண்டு. முதலில் பழக்கூழ், பிறகு அந்தக் கோடு வரை தண்ணீர். நீங்கள் தலைகீழாக நின்றாலும் கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு விழாது. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்று கெஞ்சினால், "வேணும்னா இன்னொண்ணு வாங்கிக்கோ" என்பார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பெண் பிறந்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவிக்கு அறுவை சிகிச்சை செய்துதான் பிரசவம். அதற்குப் பின் சாப்பிட்ட மாத்திரைகளால் தாய்ப்பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே பால்பவுடர், பாட்டில். துணைக்கு மனைவியின் தங்கை லீவு போட்டுவிட்டு வந்தாள். பகல் பால் அவள் பொறுப்பு. ராத்திரிப் பாலை அண்ணன் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நீ நிம்மதியாத் தூங்கு. கலக்கறது நம்ம தொழில்" என்றார் மனைவியிடம்.

காலையில் கடைக்கு வந்தால் வேறு பேச்சே கிடையாது. "ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சேன் தெரியுமா? ஒரு தடவைகூட பாட்டில்ல மிச்சம் இல்ல!" மிச்சம் எப்படி இருக்கும்? குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டாலும் விடமாட்டார். கொஞ்சிக் கொஞ்சிக் கடைசிச் சொட்டு வரை புகட்டிவிட்டுத்தான் ஓய்வார். பவுடர் கரண்டியைக்கூடக் குவித்துத்தான் போட்டார். கடையில் காட்டாத தாராளமெல்லாம் அந்தக் கரண்டியில் வந்து இறங்கியிருந்தது.

குழந்தைக்கு மலம் கட்டிக்கொண்டது. முகம் சிவக்க முக்கி முக்கி அழுதாள். அண்ணன் காரணம் தேடினார். மச்சினி கையில் இருந்த பாட்டில் கண்ணில் பட்டது.

"என்னம்மா இது, தண்ணி மாதிரி இருக்கு? கோட்டையும் தாண்டி நிக்குது!"

"தண்ணிய அளந்துட்டு அப்புறம்தான் மாமா பவுடர் போடணும். போட்டா கொஞ்சம் மேல ஏறத்தான் செய்யும். டப்பாவுலயே போட்டிருக்கே."

"கலக்கியே வயசானவன்கிட்ட டப்பாவக் காட்டறியா? தண்ணிப்பாலக் குடுத்துப் பிள்ளையப் பட்டினி போடற. பசியிலதான் அது கத்துது."

மாடிவீட்டு அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அது தெரிந்தும் அண்ணன் குரலைத் தாழ்த்தவில்லை. தையல் வலியோடு படுத்திருந்த மனைவி, "கொஞ்சம் சரியாத்தான் கலக்கக் கூடாதாடி" என்றாள். மறுநாள் காலையில் தங்கை பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

பிறகு கடைக்கு லீவு; எல்லாப் பாட்டிலும் அண்ணன் கைதான். இரண்டே நாளில் குழந்தையின் உதடு காய்ந்தது. ஈரத்துணி மாற்றுவது குறைந்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். மனைவி குழந்தையோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்க, நர்ஸ் அண்ணனை மட்டும் உள்ளே கூப்பிட்டு, பால் கலந்து காட்டச் சொன்னார். மனிதர் பெருமையாகச் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். முதலில் பவுடர், குவியக் குவிய. பிறகு கோடு வரை தண்ணீர்.

"நிறுத்துங்க. எப்பவும் இப்படித்தானா?"

"ஆமா சிஸ்டர்."

"தண்ணிய முதல்ல அளந்து ஊத்தணும். அதுக்கப்புறம் பவுடர், கரண்டிய வழிச்சு. நீங்க குடுக்கறது கெட்டிப்பால். பிள்ளை தாகத்துல அழுதிருக்கு, நீங்க பசின்னு நினைச்சு மறுபடியும் அதையே குடுத்திருக்கீங்க. தலையத் திருப்பினா போதும்னு அர்த்தம், மிச்சத்தக் கீழ கொட்டிடுங்க. நல்லவேளை, சீக்கிரம் வந்தீங்க."

அண்ணனுக்குக் காது சூடேறியது. வெளியே வந்தார்.

"என்னங்க சொன்னாங்க?"

"பால் கலக்கினதுல தப்பாம்."

"நினைச்சேன். எல்லாம் அவ செஞ்ச வேலை" என்றாள் மனைவி. அங்கேயே தங்கைக்குப் போன் போட்டாள். "கலக்கத் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல? என் பிள்ளை உயிர்தானா கிடைச்சது உனக்கு?" என்று அழுதுகொண்டே கத்தினாள். ஒரு வார்த்தை போதும், அந்தப் பேச்சை நிறுத்த. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நாள் அவரிடம் ஜூஸ் குடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கு இதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வீட்டில் நர்ஸ் சொன்னபடியே கலந்தார். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால், மச்சினி கலக்கிய அதே பால். குழந்தை வேண்டிய மட்டும் குடித்துவிட்டுத் தூங்கினாள். சில நாளில் தேறிவிட்டாள். அண்ணன் மறுபடி கடை திறந்ததும், பகல் பாலை மனைவி அவர் காட்டியபடியே கலந்தாள். "உங்க கை பட்டதும்தான் சரியாச்சு" என்று மனைவி சொன்னாள். மாடிவீட்டு அம்மாவிடமும் சொன்னாள். அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் யாராவது குழந்தையைப் பற்றி விசாரித்தால் மிக்ஸியை ஓடவிட்டார்.

கடைசியில் ஒரு மத்தியானம், கடையைப் பாதியில் சாத்திவிட்டு, மச்சினி பில் போடும் துணிக்கடைக்குப் போனார். கல்லாவுக்கு முன்னால் நின்றார். அவர் தொண்டையைச் செருமுவதற்குள் அவளே கேட்டாள்.

"பாப்பா எப்படி இருக்கா மாமா?"

"நல்லா இருக்காம்மா."

அவள் கண் நிறைந்துவிட்டது. "நான் டப்பாவப் பாத்துத்தான் கலந்தேன். ஆனா அக்கா சொன்னப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, எங்கயோ தப்பாக் கலந்துட்டேன் போல. நினைச்சா தூக்கமே வரல. மன்னிச்சுடுங்க மாமா."

அண்ணனுக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. ஜனங்கள் வரிசையில் நிற்க நிற்க, போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"பால தப்பாக் கலந்தது உன் தங்கச்சி இல்ல. நான்தான்."

"எப்பத் தெரியும்?" என்றாள் மனைவி.

"ஆஸ்பத்திரியிலயே."

"நான் அவளத் திட்டினப்போ பக்கத்துலதானே நின்னீங்க?"

"நின்னேன்."

குழந்தை சிணுங்குவது கேட்டது. மனைவி அதைத் தட்டிச் சமாதானப்படுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"இனிமே ராத்திரிப் பாலையும் நானே பாத்துக்கறேன். நீங்க தூங்குங்க."