திராட்சை நொதித்த நிலவறை

அந்த இலையுதிர் காலத்தில் நானும் கணவரும் ரைன் ஆற்றுக்குப் பக்கத்து மலைச்சரிவில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தோம். முதலாளி ஓர் இத்தாலியப் பெண். அவருடைய ஊரில் சிவப்பு வைனுக்குக் கலக்கும் இரண்டு திராட்சைகளையே இங்கேயும் நட்டிருந்தார்: மெர்லோ, சாஞ்சோவேசே. மெர்லோ முந்திப் பழுத்துவிடும். சாஞ்சோவேசே நிறைய வெயில் கேட்கும். மழை வருகிறது என்று செய்தியில் சொன்ன பிறகும், காய் புளிக்கிறது என்று முதலாளி பறிக்க விடவில்லை. கடைசியில் ஈரத்தோடு பறித்து, அழுகியதைக் கிள்ளியெறிந்து, நிலவறைத் தொட்டிகளில் கொட்டினோம்.

நொதிக்கத் தொடங்கினால் தோல்கள் மேலே மிதந்து தடிப்பாக மூடிக்கொள்ளும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. அதைக் கட்டையால் அமுக்கிச் சாற்றுக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது கிளம்பும் வாயு கண்ணுக்குத் தெரியாது. கனமானது, தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும். அதை வெளியே தள்ளும் விசிறி ஓடாதபோது யாரும் உள்ளே இறங்கக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை.

ஒரு காலை என் கணவர் தொட்டி அமுக்க இறங்கியிருந்தார். நான் மேலே பம்பு போட்டுக் கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பம்பை நிறுத்தியபோதுதான் விசிறிச் சத்தமும் இல்லை என்று தெரிந்தது. படிக்கட்டுக்கு ஓடினேன்.

"இஞ்சாருங்கோ, விசிறி நிண்டிட்டுது. மேல வாங்கோ."

"தலை சுத்துது. படியேற ஏலாமல் கிடக்கு."

"அப்ப கீழ்க் கதவடிக்குப் போங்கோ."

ஏதோ விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. நான் படியில் கால் வைத்ததும் முதலாளி பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்.

"நீயும் போனால் இரண்டு பேரும் செத்துப்போவீர்கள்," என்றார் ஜெர்மனில்.

திமிறினேன். அவர் விடவில்லை. என்னை இழுத்துக்கொண்டே சரிவைச் சுற்றி ஓடினார். சக்கையை வெளியேற்றும் அந்தக் கீழ்க் கதவு அங்கே நிலவறையின் தரைமட்டத்தில் இருந்தது. மழையில் ஊதிப்போய்த் திறக்க மறுத்தது. மண்வெட்டியால் நெம்பினோம். பலகை பிளந்து கதவு அகன்றபோது இவருடைய சப்பாத்துகள் வாசலோரத்தில் தெரிந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு காலைப் பற்றிப் புல்லுக்கு இழுத்தோம்.

உதடுகள் நீலமாக இருந்தன. முதலாளி வாயோடு வாய் வைத்து ஊதினார். நான் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸின் சத்தம் கீழே கேட்கத் தொடங்கியபோது இவர் இருமினார்.

"கட்டை தொட்டிக்குள்ள விழுந்திட்டுது," என்றார் முதலில்.

என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தே, "இனி அந்த நிலவறை வேண்டாம்," என்றேன். "ஓம்," என்றார். மிச்ச வேலையை முதலாளி புது விசிறியும் வாயு எச்சரிக்கைக் கருவியும் பூட்டிய பிறகு தானே செய்தார். பிழிந்து, இரண்டு வைனையும் தனித்தனிப் பீப்பாய்களில் அடைத்தார்.

பிறகொரு நாள் கலவை பார்க்க எங்களை முற்றத்துக்கு அழைத்தார். சாஞ்சோவேசேயோடு மெர்லோவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நீட்டினார். இவர் நிதானமாகக் குடித்து, "இன்னும் கொஞ்சம் மெர்லோ விடுங்கோ," என்று தமிழிலேயே சொன்னார். முதலாளிக்கு விளங்கியது. நான் என் கிளாஸைத் தொடவில்லை. இவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.