கரிநாளில் பறித்த கொத்தமல்லி

என்னோடு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்த சிநேகிதி ஒருத்தி, பிற்பாடு மகளோடு வெளிநாடு போய்விட்டவள், ஒரு தடவை கொஞ்சம் படங்கள் அனுப்பியிருந்தாள். கண்ணுக்கெட்டிய மட்டும் ஊதா நிறத்தில் லாவெண்டர் வயல். வரிசைகளுக்கு நடுவே கத்தரிக்கோலும் கூடையுமாக அவள் நிற்கிறாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய் நாமே பறித்துக்கொண்டு வரலாமாம். இரண்டு நாளாகக் கையில் வாசனை போகவில்லை என்று எழுதியிருந்தாள். காசையும் கொடுத்து வேலையையும் நாமே பார்க்கணுமா, நல்ல கூத்துதான் என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. அப்புறம் சிரித்துவிட்டேன். ஏனென்றால் அவளும் நானும் இதைத் தொண்ணூறுகளின் கடைசியில், கரிசல் காட்டில், டிக்கெட் இல்லாமலே செய்திருக்கிறோம். பறித்தது மட்டும் கொத்தமல்லி.

என் அக்காவைக் கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அத்தானுக்கு ரயில்வேயில் வேலை, மணியாச்சி ஜங்ஷனில். குவார்ட்டர்ஸும் கொடுத்திருந்தார்கள். அக்கா போகவில்லை. மாமனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் கரிசலைத் தானே பார்க்கிறேன் என்று கிராமத்திலேயே இருந்துகொண்டாள். எங்கள் வீட்டில் எனக்கு வாய், அவளுக்குப் பிடிவாதம். முதல் வருசம் மிளகாய் போட்டாள், மழை எட்டிப் பார்க்கவில்லை. மறுவருசமும் மிளகாய், அப்போது மழை விட்டபாடில்லை. அத்தான் கோபப்படுகிற ஆள் கிடையாது. மெதுவாகத்தான் சொன்னார்.

"இந்த வருச வெள்ளாமையும் வீடு வந்து சேரலன்னா, நிலத்தக் குத்தகைக்கு விட்டுருவோம். நீ மணியாச்சிக்கு வந்துரு. இங்கன உனக்குன்னு யாரு இருக்கா?"

சொன்னதோடு நிற்காமல் எப்போதும்வென்றானில் ஒருவரிடம் பேசியும் வைத்துவிட்டார். பொங்கல் கழிந்ததும் அவர் நிலத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த ஊர்ப் பேரைக் கேட்டதிலிருந்தே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அக்காவோ புரட்டாசிக் கடைசியிலேயே காட்டை உழுது மல்லி விதைத்துவிட்டாள். என்னிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "அந்தக் குவார்ட்டர்ஸ்ல மூணு நாள் இருந்தேன்ட்டி. சன்னலத் தொறந்தா ரயிலு, சாத்துனா சொவரு. எனக்கு மூச்சு முட்டிருச்சு."

மல்லி அவளை ஏமாற்றவில்லை. கார்த்திகையில் நான் போனபோது காடு முழுக்க வெள்ளைப் பூ. உற்றுப் பார்த்தால் அந்த வெள்ளையிலும் லேசாக ஊதா ஓடியிருக்கும். காய் பிஞ்சாக இருக்கும்போது கசக்கினால் மூட்டைப்பூச்சி நாற்றம்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் முற்றி, செடி பழுத்து மஞ்சளான பிறகு, பனி விழுந்த காலையில் அந்தக் காட்டு ஓரமாக நடந்து பார்க்க வேண்டும். பசியில்லாதவனுக்கும் பசிக்கும். அந்த வாசனைக்காகவே அக்காவுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. என் பேரில் நிலம் எதுவும் இல்லை என்பதால் தாராளமாகத் தோன்றியது.

முற்றிய மல்லியை நினைத்த நேரத்தில் பிடுங்க முடியாது. பனி ஈரம் இருக்கும்போதே பிடுங்க வேண்டும். வெயில் ஏறினால் கை பட்டதும் காய் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்த வருசம் பொங்கலுக்குள் காய் முற்றவில்லை. பொங்கல், மாட்டுப் பொங்கல், அதற்கடுத்தது கரிநாள், அதற்கும் மறுநாள் காலை பிடுங்கலாம் என்று அக்கா ஊர்ப் பெண்களிடம் ஆள் சொல்லி வைத்திருந்தாள்.

கரிநாளில் எங்கள் பக்கம் யாரும் வேலை செய்ய மாட்டார்கள். கூலி வேலை மட்டுமில்லை, சொந்த வேலையும் கூடாது. அன்று கை வேலையில் பட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. சோற்றைக் கட்டிக்கொண்டு குளத்துக்கரைக்கோ கடற்கரைக்கோ போய்ச் சாப்பிட்டு, விளையாடி, பொழுது சாய்ந்து திரும்ப வேண்டும். தீப்பெட்டிக் கம்பெனிக்கும் லீவு. நாங்கள் ஆபீஸ் பெண்களும் எங்கள் தெருப் பெண்களுமாகச் சேர்ந்து ஒரு வேன் பிடித்து வேம்பார் கடற்கரைக்குக் கிளம்பினோம். எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, ஒரு கட்டுப் பனங்கிழங்கு. போகிற வழியில் அக்கா வீட்டில் அம்மா கொடுத்துவிட்ட பொங்கல்படியை இறக்கிவிட்டுப் போவதாகத் திட்டம். கரும்பு, மஞ்சள்குலை, அரிசி, வெல்லம், ஒரு சேலை.

விடிந்தும் விடியாமல் போய்ச் சேர்ந்தோம். அக்கா வீட்டில் இல்லை. வேனைக் காட்டுப் பக்கம் விட்டோம். காட்டு வரப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிழக்கே கடல் பக்கத்தில் மேகம் கறுத்துக் கிடந்தது. தை மாதத்தில் அப்படி ஒரு மேகத்தை நான் பார்த்ததில்லை. முற்றி நிற்கிற மல்லியில் மழை விழுந்தால் காய் உதிரும், உதிராதது கறுக்கும். அவ்வளவுதான், அப்புறம் மணியாச்சி.

"ஆளுகளக் கூப்பிட வேண்டியதுதான?" என்றேன். எனக்குக் கோபம் எப்போதும் முன்னால் வரும்.

"கூப்பிட்டா வருவாக. எம் மொகத்துக்காக வருவாக. கரிநாள்ல ஒருத்திய வேலைக்குக் கூப்பிட்டு, நாளைக்கு அவ வீட்டுல ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இந்த ஊர்ல இருக்க?"

"அப்ப நான் பிடுங்குதேன்."

"நீயும் தொடாத. கட்டிக்கொடுக்க வேண்டிய பிள்ள."

அந்த நேரத்தில்தான் என் சிநேகிதி, இது எதுவும் காதில் விழாமல், வேனிலிருந்து இறங்கி வந்தாள். வாசனை அவளை இழுத்து வந்திருந்தது. "அக்கா, கொழம்புக்கு ஒரு கை பறிச்சுக்கிடட்டா?" என்று கேட்டாள்.

"ஒரு கை என்ன, வேணுங்கறதப் பறிச்சுக்கோ தாயி. இதக் கேக்கணுமா?" என்றாள் அக்கா. எங்கள் பக்கம் அப்படித்தான். காட்டு வழியே போகிறவர்கள் வீட்டுக்கு ஒரு பிடி பறித்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சிநேகிதி குனிந்து ஒரு பிடி பிடுங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள்.

எனக்கு மண்டைக்குள் விளக்கு எரிந்தது. "அக்கா, இப்ப இவ செஞ்சாளே, இது வேலையா?"

"வீட்டுக்கு ஒரு பிடி பறிக்கது எப்படி வேலையாகும்?"

"அப்ப நாங்க எல்லாரும் வீட்டுக்குப் பறிக்கோம்" என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்துக் கத்தினேன். "எல்லாரும் இறங்குங்கட்டி! யாருக்கு மல்லி வேணும்?"

இனாமாகக் கொத்தமல்லி என்றால் இறங்காத பெண் உண்டா? மொத்த வேனும் காலியானது. டிரைவர் அண்ணாச்சி மட்டும், "வேம்பாருக்குத்தான வாடகை பேசுனிய?" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆரம்பத்தில் நாங்கள் செய்த காரியத்துக்கு அக்கா எங்களை அடித்து விரட்டியிருக்கலாம். டவுனில் கீரைக்கட்டு வாங்கினால் வேர் மண்ணைப் படியில் தட்டித்தானே உள்ளே எடுத்துப் போவோம்? அதே பழக்கத்தில் செடியைப் பிடுங்கினோம், புறங்காலில் படார் படார் என்று தட்டினோம். காயெல்லாம் கரிசல் வெடிப்புக்குள் போய் விழுந்தது. அக்கா வரப்பிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏட்டி, தட்டாதீங்கட்டி! மண்ணோட இருக்கட்டும்! பச்சப்பிள்ளயத் தூக்குத மாரி தூக்குங்க!"

அதற்குப் பிறகு அவள் வரப்பில் உட்காரவே இல்லை. தொடக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் எங்கள் எல்லோரையும் வேலை வாங்கினாள். வேலை என்று சொல்லக்கூடாது, பறிக்கச் சொன்னாள்.

வெளிச்சம் பரவியதும் ஊர்ப் பெண்கள் புதுச்சேலையும் தலைநிறையப் பூவுமாக, தூக்குவாளிகளோடு குளத்துக்கரைக்குப் போக அந்தப் பாதையில் வந்தார்கள். அக்காவின் எதிர்வீட்டு மதினி முன்னால் வந்தாள்.

"என்னட்டி இது, கரிநாளும் அதுவுமா காட்டுல வேலை நடக்கு?"

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன். "வேலை இல்ல மதினி. ஊருக்குப் போறவிய வீட்டுக்கு ஆளுக்குக் கொஞ்சம் பறிச்சுக்கிடுதோம்."

மதினி எங்களைப் பார்த்தாள், காட்டைப் பார்த்தாள், நிமிர்ந்து மேகத்தைப் பார்த்தாள். "வெளியூர்க்காரிய பறிக்கலாம், எங்க வீட்டுல மட்டும் கொழம்பு வைக்கமாட்டோமா?" என்று தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் புதுச்சேலையை இழுத்துச் செருகினாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பின்னால் வந்தவர்களுக்கும் தெரியும். ஒருத்தியும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் காடு திருவிழாவாகிவிட்டது. குலவை போடுகிறவள் போட்டாள், பாட்டு எடுத்தவளை ஒத்தையாக விடாமல் பத்துப் பேர் எதிர்ப்பாட்டுப் பாடினார்கள். யார் முன்னால் போகிறார்கள் என்று டவுனுக்கும் ஊருக்கும் போட்டி, நாங்கள் தோற்றோம். டிரைவர் அண்ணாச்சியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்க வீட்டுலயும் ரசம் வைப்பாவ" என்று இறங்கிவிட்டார். கை, சேலை, தலைமயிர் எல்லாம் மல்லி வாசம். நான் அவ்வளவு சந்தோசமாக இருந்த காலை என்று வேறொன்றை யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் காடு மொட்டையானது. ஆளுக்கொரு கட்டு கக்கத்தில். அப்போதுதான் அடுத்த சிக்கல். அக்கா சொன்னாள்: "எல்லாரும் வீட்டுக்குக் கொண்டு போயிருங்க. இங்கன போட்டுட்டுப் போனா அது எனக்குச் செஞ்ச வேலையாயிரும்." சொல்லும்போது குரல் தடுமாறியது. ஆனாலும் சொன்னாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. இப்படி ஒரு நேர்மையை வைத்துக்கொண்டு இவள் என்னதான் செய்வாள்?

ஓடிப்போய் வேனிலிருந்து பொங்கல்படித் தாம்பாளத்தை எடுத்துவந்தேன். களத்தில் வைத்து, கரும்புக்குப் பக்கத்தில் என் மல்லிக்கட்டையும் வைத்தேன். "அம்மா வீட்டுப் படி. வேண்டாம்னு சொல்லக்கூடாது" என்றேன். பொங்கல்படி பிறந்த வீட்டிலிருந்து வருவது. அதை மறுக்கிற பெண் கிடையாது, அதற்குக் கரிநாள் தடையும் கிடையாது.

பிறகு எதிர்வீட்டு மதினி முன்னால் வந்து தன் கட்டை வைத்தாள். ஒரே ஒரு பிடியை மட்டும் உருவி மடியில் செருகிக்கொண்டாள். "இந்தா தாயி, ஒங்க அக்கா வீட்டுப் படி." அடுத்தவள், "இது ஒங்க சித்தி வீட்டுது." அதற்கடுத்தவள், "நான் தங்கச்சி, என்னால முடிஞ்சது." ஒவ்வொருத்தியாக ஒரு உறவைச் சொல்லிக்கொண்டே வைத்தார்கள். என் சிநேகிதி பெரியம்மா ஆனாள். டிரைவர் அண்ணாச்சி தாய்மாமன் என்று சொல்லிப் பெரிய கட்டாக வைத்தார். அக்கா குனிந்து குனிந்து இரண்டு கையாலும் வாங்கினாள். அழுதுகொண்டே வாங்கினாள், துடைக்கக் கை ஒழியவில்லை.

வேர் வெளியேயும் தலை உள்ளேயுமாகப் வைக்கோல்போர் மாதிரிப் படப்பு அடுக்கி, அண்ணாச்சியின் வேன் படுதாவை மேலே போர்த்திக் கல் வைத்தோம். அதை வேலையா என்று யாரும் கேட்கவில்லை. சீரை நனையவிட முடியுமா? கடைசிக் கல்லை வைத்துவிட்டு வீட்டுக்குள் வந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஊர்ப் பெண்களும் குளத்துக்கரையை விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கே தூக்குவாளிகளோடு வந்தார்கள். நடைவரைக்கும் ஆள் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மழை நின்றாலும் கரிசல் சகதியில் வேன் நகராது. அதனால் சாயங்காலம் டூட்டி முடிந்து அத்தான் வந்தபோதும் நாங்கள் அங்கேயே இருந்தோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சகதியோடு வந்தார். வழியில் காட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். மொட்டைக் காடு. கரிநாளில் யாரும் பிடுங்கியிருக்க மாட்டார்கள், அதனால் மழை அடித்துப் போய்விட்டது என்றே நினைத்துவிட்டார். என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே வந்த முகம் அது. பார்க்கப் பாவமாக இருந்தது.

அக்கா அவரைக் களத்துக்குக் கூட்டிப்போய்ப் படுதாவின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். அத்தான் கையை உள்ளே விட்டார். உள்ளே ஈரமில்லை. ஒரு கை காயை எடுத்து முகர்ந்தார்.

"கரிநாள்ல யாரு வந்து பிடுங்குனா?"

"எனக்குப் பொங்கப்படி வந்துச்சு. இந்த ஊர்ல நாப்பது வீட்டுல இருந்து வந்துச்சு."

அவர் திரும்பி, நடையில் உட்கார்ந்து பனங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"காலையில மொத பஸ்ஸுக்கு எப்போதும்வென்றானுக்குப் போயி, நிலம் பாக்க வரவேண்டாம்னு சொல்லிட்டு வந்திருதேன்."

"காலையில படுதாவ எடுத்துட்டு மல்லியக் காயப்போடணும்" என்றாள் அக்கா. "அதுக்கு ஆளு வேணும். காயப்போட்டுட்டு, சாயங்காலமாப் போயிச் சொல்லுங்க."

அத்தான் சரி என்று தலையாட்டினார்.