ஸ்வாமி உள்ளில் வைஃபை பெட்டி

இன்டர்நெட் கம்பெனியில் புகார் போன் எடுப்பவளை யாரும் நல்ல செய்தி சொல்லக் கூப்பிடுவதில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இதையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைஃபை வைத்திருக்கிற நீங்களும் என்னைப் போல முழித்தவர்கள்தானே.

எங்கள் ஆபீஸ் கரமனையில். பழைய பெட்டிகளை எடுத்துவிட்டு 'வைஃபை ஆறு' என்று புதுப் பெட்டி வைத்துக்கொண்டு வந்தோம். டெக்னீஷியன் எனக்கு விளக்கினார்: வேகம் அதிகம், ஒரே நேரத்தில் நிறைய போன்களைத் தாங்கும். அதற்குள் இரண்டு அலை உண்டு. ஒன்று வேகமாக ஓடும், சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். மற்றது மெதுவானது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். எனக்குப் புரிந்தது போலவும் இருந்தது, புரியாதது போலவும் இருந்தது. வாடிக்கையாளர்களுக்கும் அப்படித்தான் போல. பெட்டிகள் திரும்பி வந்தன. மலையாளி முதலாளி என் மேஜை முன்னால் வந்து நின்றார். "சேச்சீ, இனி ஒரு பெட்டி திரும்பி வந்தா, போன் எடுக்க மெஷின் வெச்சுடுவேன், கேட்டோ."

ஆறு வாங்கினால் ஐந்து

ரிட்டயரான ஒரு சார் கூப்பிட்டார். பெட்டியில் ஆறு என்று அச்சடித்திருக்கிறது, போனில் ஐந்து என்று காட்டுகிறது, பழைய சரக்கைத் தள்ளிவிட்டீர்களா என்று கோபம். டெக்னீஷியனிடம் கேட்டேன். ஆறு என்பது பெட்டியின் தலைமுறை, ஐந்து என்பது உள்ளே ஓடும் வேக அலையின் பெயர் என்றார். நான் பதற்றத்தில், "ஆறுக்குள்ளேதான் சார் ஐந்து இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சார் உடனே கேட்டார்: "அப்போ மிச்சம் ஒண்ணு எங்க போச்சு?"

நிற்காத நெட்

விழிஞ்ஞத்திலிருந்து ஒரு அம்மா. பெட்டியை இன்றே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வேகம் இல்லையா என்று கேட்டேன். வேகம் இருப்பதுதான் குறையாம்! முன்பு எல்லோரும் சேர்ந்து பார்த்தால் நெட் நின்றுவிடும், பிள்ளைகள் சாப்பிட வந்துவிடுவார்கள். இப்போது எத்தனை போன் திறந்தாலும் நிற்பதில்லை, சோறு ஆறிப்போகிறது. சாப்பாட்டு நேரத்தில் நீங்களே சுவிட்சை அணைத்துவிடுங்கள், பெட்டியை மட்டும் திருப்பி அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினேன். "நான் அணைச்சா என்னைத் திட்டுவாங்க சேச்சி. அது தானா நின்னா உங்களைத்தானே திட்டுவாங்க!"

வீட்டுக்கு நடுவில்

ஸ்ரீவராகத்தில் ஒரு மாமியின் வீடு, ரயில் பெட்டி மாதிரி நீளம். வைஃபை வாசல் பக்கம்; மருமகள் ஆபீஸ் வேலை பார்ப்பதோ கடைசி அறையில். அங்கே சிக்னல் எட்டவில்லை. "வீட்டுக்கு நடுவுல வையுங்க மாமி" என்றேன். ஆள் வந்து மாற்றி வைத்துவிட்டார், கொல்லை வரைக்கும் நன்றாக வருகிறது என்று மாமியே போன் செய்து சொன்னாள். எனக்கு ஒரே பெருமை.

சில நாள் கழித்து மருமகள் கூப்பிட்டாள், குரல் அழுகிறாற்போல. முக்கியமான மீட்டிங் நடுவில் நெட் நின்றுவிட்டதாம். பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னேன். "எப்படி அக்கா? நடுவுல இருக்கறது எங்காத்து ஸ்வாமி உள், பூஜை ரூம். நான் இன்னிக்கு தூரம், மூணு நாளைக்கு அந்தப் பக்கமே போகக்கூடாது. மாமியார் கோவிலுக்குப் போயிருக்கா."

நடுவில் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லையே! என் நாற்காலியில் மெஷின் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. "வாசல்ல மெயின் சுவிட்ச் இருக்கும், அதை அணைச்சுப் போடும்மா" என்றேன். வீடு முழுக்க அணைந்து எரிந்தது, நெட்டும் வந்துவிட்டது.

சாயங்காலம் மாமி கூப்பிட்டாள். பெட்டி திரும்பி வரப்போகிறது என்று எழுந்தே நின்றுவிட்டேன். "மாட்டுப்பொண் சொன்னா. பெட்டி இருக்கட்டும், கூடத்துக்கு மாத்தச் சொல்லியாச்சு. பெருமாளை இதுக்கெல்லாம் பொறுப்பாக்கப்படாது."

இப்போது யார் கூப்பிட்டாலும் ஸ்வாமி உள் எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் வாயைத் திறக்கிறேன், என் வீட்டில் மட்டும் பழைய பெட்டியைத் தொட யாரையும் விடவில்லை.