பொழுதுக்குள் ஒரு தட்டுச் சோறு

என் வீட்டுக்காரரைப் போல ஒரு பிடிவாதக்காரரை இந்த ஜில்லாவிலேயே பார்க்க முடியாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஏறியவர் ஏணி சறுக்கி விழுந்தார். கழுத்துப் பக்கம் தண்டுவடம் நசுங்கிவிட்டது. கை கால் நான்கும் அசைவற்றுப் போயின. வலது கை மட்டும் பாதி திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வேங்கிக்கால் வீட்டுக்கு வந்த அன்றே சொல்லிவிட்டார்: "என் சோத்த நானே சாப்பிடுறேன். யாரும் ஊட்ட வேணாம்."

அதில்தான் வம்பு. நாங்கள் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டோம். இவரோ சாயங்காலச் சாப்பாட்டில் முதல் சில வாய் ஜோராகச் சாப்பிடுவார். பிறகு கை தட்டிலேயே படுத்துக்கொள்ளும். அது எழுந்திருப்பதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். பாதிச் சோற்றோடு தட்டை எடுக்கச் சொல்வார்.

"மலைக்கு அந்தப் பக்கம், செங்கம் ரோட்டுல இன்னும் வெயில் அடிக்குதுங்க. சாப்பிடுங்க."

"நாம இந்தப் பக்கம்தானே இருக்கோம்."

இந்த மனுஷனிடம் என்னத்தைப் பேச? எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தெம்பில்லை போலிருக்கிறது என்று குளுக்கோஸைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தேன். இவருக்குச் சிகிச்சை பார்க்கும் டாக்டரம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார்.

"சர்க்கரைக்குப் பஞ்சம் இல்லம்மா. நரம்புக்குள்ள அதை எரிச்சு சக்தியாக்குற இடம் இருக்குது, மைட்டோகாண்ட்ரியான்னு. அடிபட்ட எடத்துல அது கெட்டுப்போச்சு. பொழச்ச நரம்புலயும் மேலுறை பிஞ்சிருக்கு. கைக்கு ஒரு சேதி அனுப்பவே ஜாஸ்தி செலவாகுது. சும்மா இருக்கக்கூட நரம்புக்குச் சக்தி வேணும். நடுவுல நடுவுல ஓய்வு குடுங்க. குளுக்கோஸ் குடுத்தா எடைதான் ஏறும்."

அசந்துபோனேன். அறுந்தது போக மிச்சமிருக்கிற நரம்பு, அரை வயிற்றுக் கஞ்சி குடித்துவிட்டு மூட்டை தூக்குகிறவனைப் போல, ஒரு கவளத்தை வாய்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறதென்றால் அது லேசுப்பட்ட காரியமா? அன்றிலிருந்து அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வந்தது. கோபமும் வந்தது, அது வேறு விஷயம்.

சாயங்காலச் சாப்பாட்டை மத்தியானம் தாண்டியதுமே வைக்க ஆரம்பித்தேன். இரண்டு வாய் சாப்பிடுவார், கண்ணை மூடிக்கொள்வார், மறுபடி இரண்டு வாய். தட்டு நகராமல் பிடித்துக்கொண்டு, பொழுது சாயும்வரை நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். தட்டில் மிஞ்சுவது மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அலுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை அவர்.

போன தை மாதம் ஒரு நாள், தட்டில் ஒரே ஒரு வாய்தான் பாக்கி. எதிர்வீட்டு மாடியில் இன்னும் கொஞ்சம் வெயில் இருந்தது. விழுந்ததற்குப் பிறகு முதல் தடவையாகத் தட்டு காலியாகப் போகிறது. இன்னும் ஒரு தடவை தூக்கத்தான் அந்தக் கையில் சக்தி இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

"இதோ ஆச்சுங்க, இந்த ஒரு வாய்தான்" என்றேன்.

தயிர்சாதத்தை உருட்டித் தூக்கினார். கை அவர் வாய்க்குப் போகவில்லை. என் பக்கம் வந்தது.

"எனக்கு எதுக்கு? நீங்க முடிங்க."

"தெனமும் எனக்குக் காவல் உக்காந்துட்டு, பொழுது போனதும் பட்டினியா படுத்துக்குற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சீக்கிரம் வாயத் தெற, கை எறங்குது."

திறந்தேன்.