கழித்தல் பன்னிரண்டு

எண்பதுகளின் தொடக்கம் அது. சாய்ந்தமருதில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. கலியாணம் முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி என் கணவர் அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. நான் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அவர் குவைத்தில் ஒரு வாகனத் திருத்துமிடத்தில் நாலு வருடம் பெயின்ட் அடித்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர். மற்றவர்கள் பெட்டி பெட்டியாகச் சாமான் கொண்டுவந்தார்கள். அவர் மனதுக்குள் ஒரு காரைக் கொண்டுவந்திருந்தார்.

அங்கே கடலோரத் தெருவில் பின்னேரங்களில் போகும் கார்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வந்த ஆசை அது. உடம்பு தாழ்ந்து, நிலத்தோடு படிந்து, அகலச் சில்லுகளில் சத்தமில்லாமல் வழுக்கிப் போகுமாம். "ஓடுற மாதிரியே இரிக்காது புள்ள, மிதக்கிற மாதிரி இரிக்கும்" என்பார். இந்தக் கதையை எடுத்தால் அவருடைய குரலே மாறிவிடும். எனக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் குரலைக் கேட்கப் பிடிக்கும்.

கொழும்பிலிருந்து ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கி வந்து, இரண்டு மாதம் முற்றத்தில் வைத்து அவரே தட்டி நிமிர்த்தினார். பச்சையும் இல்லாமல் நீலமும் இல்லாமல், விடிகிற நேரத்துக் கடல்போல ஒரு நிறம் அடித்தார். கல்முனையில் ஒரு கராஜில் முன் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி, பின்னால் அச்சுக்கும் பட்டை ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்துக் காரைத் தாழ்த்தினார்கள். இனிச் சில்லுதான் பாக்கி. குவைத்தில் இருந்த அவருடைய கூட்டாளி ஊருக்கு வரும்போது நாலு அகல ரிம் கொண்டுவருவதாக எழுதியிருந்தார். என்ன அகலம், என்ன ஓப்செட் என்று மட்டும் சரியாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்.

"அளவு பாக்கிறதுக்கு வீட்டுக்குள்ளயே டீச்சர் இரிக்கக்குள்ள நான் ஏன் வெளிய போகணும்?" என்று சிரித்தார் என் கணவர்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சாப்பிட்ட பிறகு முற்றத்தில் இறங்கினோம். வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை நூலில் கட்டி, சில்லுக்கு மேலே வளைந்திருக்கும் மட்காட் விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். அவர் காருக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு உள்பக்கத்து இடைவெளியை அளந்து சொல்லச் சொல்ல, நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். கடல் சத்தம் வந்துகொண்டே இருந்தது. காருக்குக் கீழிருந்து அவருடைய குரலும் ஒரு கையும் மட்டும் வெளியே வரும். என் வாழ்நாளில் எத்தனையோ கணக்குச் செய்திருக்கிறேன். அவ்வளவு இனிமையான ஒரு கணக்கைச் செய்ததில்லை.

ஓப்செட் என்றால் என்னவென்று அன்றுதான் விளங்கிக்கொண்டேன். சில்லை அச்சோடு பூட்டுகிற தட்டு, ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. எங்கள் பழைய ரிம் நாலு அங்குலம், தட்டு சரியாக நடுவில். புதியது ஐந்தரை அங்குலம். கூடுகிற ஒன்றரை அங்குலத்தை இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்தால் வெளிப்பக்கம் நெருக்கிவிடும், உள்ளே நிறைய இடம் மிஞ்சும். ஆகவே சில்லு அரை அங்குலம் உள்ளே போக வேண்டும், அதாவது பன்னிரண்டு மில்லிமீற்றர். இவ்வளவும் சரி. உள்ளே போவதென்றால் குறைவதுதானே என்று நினைத்து, கடிதத்தில் 'கழித்தல் பன்னிரண்டு' என்று எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து ரிம்கள் வந்தன. அன்றைக்கே டயர் போட்டு, முதலில் பின் சில்லு இரண்டையும் பூட்டினார் என் கணவர். ஜாக்கியை இறக்கியதும் பின்னால் நின்று பார்த்தேன். சில்லுகள் உள்ளே போகவில்லை. மட்காட்டுக்கு வெளியே கால் அங்குலம் தள்ளிக்கொண்டு நின்றன. இன்னும் பூட்டாமல் கிடந்த முன் ரிம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கத்தில் நான் எழுதிய அதே எண், கழித்தல் குறியோடு பொறித்துக் கிடந்தது. கூட்டாளியில் பிழை இல்லை. ரிம் செய்கிறவர்களுடைய கணக்கில் தட்டு வெளிப்பக்கம் தள்ளி இருந்தால்தான் கூட்டல், அப்போதுதான் சில்லு உள்ளே போகும். நான் குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். வகுப்பில் பிள்ளைகள் இப்படிக் குறியை மாற்றினால் சிவப்புப் பேனையால் வட்டம் போடுகிற நான்!

வாய் திறந்து சொல்லப் போனேன். அதற்குள் அவர் காரைச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றார். கண் இரண்டும் பளபளவென்று இருந்தன.

"பாத்தியா புள்ள, எப்பிடி நிக்கிதெண்டு! நான் நினைச்சதை விட வடிவா இரிக்கி. இப்பிடித்தானே வரணும்?"

"ஓம்" என்றேன். "இப்பிடித்தான்."

அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது. அவர் தேநீர்க் கடையிலும் பள்ளிவாசல் வாசலிலும் "என்ட பொஞ்சாதிதான் அளவெடுத்தவ" என்று சொல்லித் திரிந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர் அவர். என் படிப்பில் அவருக்கு இருந்த பெருமை எனக்கும் ஒரு போதைபோல இருந்தது. ஒருநாள் அவர் இல்லாத நேரம் நூலைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். பின் டயருக்கும் மேலே இருந்த மட்காட் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் அளவுதான் இருந்தது. ஒரு விரல் போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போதும்போலத்தான் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் மட்டும் பின்னேரங்களில் அக்கரைப்பற்றுப் பக்கம் போய் வருவோம். ஒரு பக்கம் தென்னைகளுக்கு இடையே கடல் வெள்ளி வெள்ளியாகத் தெரியும், மறுபக்கம் வயல். ஜன்னலைத் திறந்துவிட்டால் உப்புக் காற்றும் நெற்பயிரின் வாசமும் மாறி மாறி வரும். அவர் சொன்னது உண்மைதான். கார் ஓடவில்லை, மிதந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, இந்த வீதி முடியாமலே போகட்டும் என்று நினைப்பேன்.

தை மாதத்தில் ஒருநாள். சம்மாந்துறையில் என் மாமியின், அதாவது கணவருடைய தாயின், தங்கை வீட்டில் விருந்து. மாமியும், என் கணவரின் தங்கையும், அவளுடைய ஏழு மாதக் கைக்குழந்தையும் எங்களோடு வருவதாக ஏற்பாடு. அவர்கள் பின் சீட்டில் ஏறுமுன் கணவர் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"பின்னால பாரம் ஏறினா டயர் மட்காட்டில முட்டாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முட்டாது" என்றேன்.

அவர் தலையாட்டினார். பின் கதவைத் திறந்துவிட்டார்.

காரைதீவுச் சந்தியால் திரும்பி வயல் வீதியில் ஏறினோம். அடிக்கடி மழை பெய்து ஓய்ந்திருந்த நேரம். இரண்டு பக்கமும் பச்சை. வாய்க்காலில் வானம் கிடந்தது. மாமி பின்னாலிருந்து பழைய கதை ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். குழந்தை தானாகச் சிரித்தது. வீரமுனையை நெருங்கும்போது எனக்கு ஒரு கருகல் வாசம் வந்தது. யாரோ எதையோ எரிக்கிறார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பது கூடப் பொய். றப்பர் வாசம் என்று தெரிந்தது. பள்ளத்தில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு முறையும் 'கர்' என்று ஒரு சத்தமும் கேட்டது. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நேரே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பள்ளத்தில் பின் டயர் வெடித்தது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் எனக்கு மிக மெதுவாக நடந்ததாகவே ஞாபகம். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வீதியை விட்டு வழுக்கி, வாய்க்காலுக்குள் இறங்கியது. கொக்குகள் கூட்டமாக எழும்பி எங்களுக்கு மேலால் பறந்ததைக் கண்டேன். என்ன அழகு என்று கூட நினைத்தேன். பிறகுதான் காலில் தண்ணீரின் குளிர் பட்டது. மாமி "யா அல்லாஹ், புள்ள! புள்ள!" என்று கத்தினார். பின் கதவு ஒன்று கரையோடு இறுகிவிட்டது, மற்றது திறக்கவில்லை. சீட்டு மட்டத்துக்குத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மைத்துனி குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வயலுக்கு நடுவே மண் பாதையில் பெட்டி பூட்டிய ட்ரக்டரை ஓட்டிவந்த ஒருவர் அதை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். நெற்றியில் திருநீறு, முழங்கால்வரை சேறு, எங்கள் வயதுதான் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஜன்னலுக்குள் இரண்டு கையையும் நீட்டினார்.

"பயப்படாதீங்க தங்கச்சி. முதல்ல புள்ளயத் தாங்க."

குழந்தை ஜன்னல் வழியாக அவருடைய கைக்குப் போனது. பிறகு மைத்துனி, பிறகு மாமி. நானும் கணவரும் முன் கதவால் வெளியே வந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மாமியின் முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். குழந்தை அந்த மனிதரின் தோளில் இருந்துகொண்டு அவருடைய காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அவர் ட்ரக்டரைக் கொண்டுவந்து சங்கிலி பூட்டிக் காரை வீதிக்கு இழுத்தார். பின்னால் குனிந்து கிழிந்த டயரைத் தடவிப் பார்த்தார்.

"மட்காட்தான் டயர வெட்டியிருக்கு. சில்லு வெளிய தள்ளி நிக்கிதே. ஆர் தம்பி இந்த அளவு சொன்ன?"

"நான்தான் அண்ணன்" என்றார் என் கணவர். "நான்தான் சரியெண்டு போட்டன்."

என்னைப் பார்க்காமலே சொன்னார். மாமி தன் மகனைத் திட்டத் தொடங்கினார். கார்ப் பைத்தியம் பிடித்துக் குடும்பத்தையே கொல்லப் பார்த்தானாம். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டு நின்றார். எனக்கு வாய்க்கால் தண்ணீரை விடக் குளிராக ஏதோ நெஞ்சில் இறங்கியது.

"இல்ல மாமி, அவர் இல்ல" என்றேன். "அளவு நான்தான் எழுதின. பிழைச்சதெண்டு சில்லு பூட்டின அண்டைக்கே எனக்குத் தெரியும். வெளிக்கிடக்குள்ள அவர் கேட்டார். முட்டாதெண்டு பொய் சொன்னன்."

ட்ரக்டர் எஞ்சின் மட்டும் தடதடத்தது. கடைசியில் அந்த வீரமுனைக்காரர்தான் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"இந்தா நிக்கிதே தங்கச்சி என்ட மெசின், இதின்ட சில்லும் அப்பிடித்தான். ஒரு பக்கம் போட்டா உள்ள நிக்கும், திருப்பிப் போட்டா வெளிய நிக்கும். போன போகம் நான் மாத்திப் பூட்டி, வரம்பெல்லாம் உடைச்சிட்டன். பிழை என்னில எண்டு இண்டு வரைக்கும் ஒருத்தரிட்டயும் சொல்லல்ல. மெசின் வித்தவனத்தான் ஏசித் திரியிறன்."

கணவர் சிரித்துவிட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

காரை அங்கேயே விட்டுவிட்டு, ட்ரக்டர்ப் பெட்டியில் ஏறி, நனைந்த உடுப்போடு சம்மாந்துறைக்குப் போனோம். வெயில் மஞ்சளாகச் சாய்ந்து வயல் முழுக்கப் பரவிக் கிடந்தது. மாமி ஒரு சொல்லும் பேசாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூலையில் ஒதுங்கி இருந்தேன். யாருடைய முகத்தையும் பார்க்கத் தைரியம் இல்லை. பாதி வழியில் மைத்துனி என் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"மதினி, எனக்குக் கை நோகுது. இவனக் கொஞ்சம் புடிங்களன்."

குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, கையை உதறிக்கொண்டாள். அவளுக்குக் கை நோகவில்லை என்பது எனக்குத் தெரியும். போய்ச் சேரும்வரை அந்தக் குழந்தையை அணைத்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கணவர் கார்ப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில், நான் பாடசாலைக்குப் புறப்படும்போது கேட்டார்.

"அண்டைக்கு நான் கேக்கக்குள்ள ஏன் சொல்லல்ல?"

"நீங்க ஊரெல்லாம் பெருமையாச் சொல்லித் திரிஞ்சீங்க. அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்றதெண்டு தெரியல்ல."

கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, "நான் பெருமைப்பட்டது கணக்குக்காக இல்ல புள்ள" என்றார்.

அடுத்த மாதம் மறுபடியும் அளவெடுத்தோம். இம்முறை மாமியையும் மைத்துனியையும் கூப்பிட்டு, காருக்குள் பாரம் ஏற்றிவிட்டுத்தான் அளந்தோம். மாமி பின் சீட்டில் வெற்றிலை மென்றுகொண்டு, "இன்னும் எத்தனை நேரம் இதுக்குள்ள இரிக்கணும் டீச்சர்?" என்று கேட்டார். அவர் என்னோடு பழையபடி பேசிய முதல் பேச்சு அதுதான். எழுதிய கடிதத்தைக் கணவரிடம் கொடுத்து, குறியைச் சரிபார்க்கச் சொன்னேன். வேறு ரிம் வந்து சேரும்வரை பழைய ஒடுங்கிய சில்லுகளிலேயே கார் ஓடியது. அப்போதும் அது மிதக்கத்தான் செய்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

அதன் பிறகு எத்தனையோ ஆயிரம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் என்னை நம்பி யாராவது "சரிதானே?" என்று கேட்டால், ஓம் என்று சொல்வதற்கு முன் என் நாக்கு இன்றும் ஒரு கணம் நின்றுதான் பேசுகிறது.