வைக்கட்டுங்களா, ஐயா?

போனில் ஏமாற்றுகிறவர்கள்மேல் எனக்கு இரக்கம் துளியும் கிடையாது. வேலையில்லாத பிள்ளைகள், பாவம் என்று யாராவது நியாயம் பேச வந்தால் அங்கேயே சண்டை பிடிப்பேன்.

நான் பதுளை டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அக்கா தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவளுடைய ஒரே மகள் குவைத்தில் வீட்டுவேலைக்குப் போயிருக்கிறாள். அந்த வீட்டம்மா போனைப் பறித்து வைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மட்டும்தான் கொடுப்பாள். அந்தக் கொஞ்ச நேர வீடியோ கோலுக்காகவே அக்கா வாரம் முழுக்க உயிரைக் கையில் பிடித்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து லயத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றி விட்டிருந்தாள். தலைத்துண்டு கைக்கு வந்திருந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் நிற்பது போலவே நின்றாள். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லவுட்ஸ்பீக்கரில் ஒருவன் தேனொழுகப் பேசினான். "அம்மா, போன் கம்பெனி ஹெட் ஆபீஸ்லருந்து பேசுறோம். உங்க போன்ல வைரஸ் ஏறியிருக்கு. சரி பண்ணலைன்னா வெளிநாட்டு கோல் எல்லாம் கட்டாயிடும். இப்ப ஒரு நம்பர் வரும், வாசிங்க."

எந்தக் கம்பெனிக்காரன் ஞாயிற்றுக்கிழமை நம்மைத் தேடி வந்து போனைச் சரி பண்ணுகிறான்? நாமே கோல் எடுத்தால்கூடப் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறவர்கள். வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பம் தோட்டத்தில் குறைவு என்று தெரிந்து வைத்துக்கொண்டு சொன்ன பொய் அது.

"வைக்கா போனை. அவன் கள்ளன்!" என்று கத்தினேன்.

அக்கா என்னைக் கையமர்த்திவிட்டு, குரலை இன்னும் தாழ்த்தி அவனிடமே கேட்டாள். "ஐயா, தங்கச்சி வைக்கச் சொல்லுதுங்க. வைக்கட்டுங்களா?"

"வச்சீங்கன்னா லைன் போயிடும்மா. வாசிங்க."

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. இலக்கம் மட்டும் கொழுந்துத் தராசைப் பார்த்துப் பழகியது. அந்தப் பாழாய்ப்போன இலக்கங்களை மளமளவென்று ஒப்பித்தாள். நான் போனைப் பிடுங்குவதற்குள் வீடியோ கோல் கணக்கு அவன் கைக்குப் போய்விட்டது.

"கள்ளன்கிட்டயா வைக்கிறதுக்கு உத்தரவு கேப்ப?"

"பெரிய ஆளு மாதிரி பேசுனாரு. பேசி முடிக்காம நாமளா எப்புடிடி வைக்கிறது?"

இன்னும் 'பேசுனாரு'! அதிகாரக் குரல் கேட்டதும் எழுந்து நிற்க அவளைப் பழக்கிய அத்தனை பேரையும் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கணக்கை மீட்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா பெயரில் எது வந்தாலும் நம்பாதே என்று மகளுக்கு என் போனிலிருந்து எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமைவரை அவள் அதைப் பார்க்கப் போவதில்லை.

"கஷ்டப்பட்ட சம்பளத்த அந்தப் புள்ள அப்புடியே அவனுக்கு அனுப்பிருமேடி" என்று அக்கா அந்த வாரம் முழுக்கப் புலம்பினாள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். என் போன் அடித்தது. திரையில் மகளின் முகம் வீங்கியிருந்தது.

"அம்மா எப்ப செத்துச்சு சித்தி?"

நான் எழுதியதை அவள் இன்னும் திறக்கவேயில்லை. அவன் அனுப்பியதைத்தான் பார்த்திருக்கிறாள். 'அன்பு மகளே, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்பு.'

"அம்மாவுக்கு எழுதவே தெரியாதே சித்தி. அம்மா போனு எப்புடி வேற ஆளு கைக்குப் போச்சு? எங்கிட்ட மறைக்காதீங்க."

அக்கா போனைப் பிடுங்கினாள். "இருக்கேன்டி. நான் இருக்கேன்டி."

இருவரும் திரையைப் பார்த்து அழுதார்கள். அழுது முடிப்பதற்குள் வீட்டம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

அவனுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையைத் தின்றுவிட்டான்.