நிதானத்தின் வண்டிக்குச் சொன்ன பதில்

பிரேக்கில் ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, ஆயில் வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வண்டிக்கு நானும் அம்மாவும் அதைச் செய்தோம். நான் கீழே. அம்மா பெடலில்.

"மிதிம்மா."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடி."

நிப்பிளைத் திறந்தேன். பழுப்பேறிய பிரேக் ஆயில் குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் இறங்கியது. நடுநடுவே குமிழ்கள். மூடினேன்.

"இப்ப விடு."

நான் மூடுவதற்கு முன் பெடலை விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அம்மா ஒருமுறைகூட முந்தவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்த ஆயில் இன்னும் ஒரு வருஷம் தாங்கும்."

"ஈரம் ஏறிடுச்சும்மா. சூடானா கொதிக்கும். பெடல் உள்ள போயிடும்."

"காய்கறி வாங்கப் போற வண்டி இது. எந்த மலையில இறங்கப் போறேன் நான்?"

"மிதி."

"மிதிச்சாச்சு, இன்ஜினியரம்மா."

அம்மா மெக்கானிக் இல்லை. ஒரு கார் பட்டறையில் முன்மேசையில் உட்கார்ந்திருந்தவள். பில் போடத்தான் அங்கே சேர்ந்தாள். ஃபோர்மேன் மாமாவுக்கு வண்டியின் நோவு தெரியும். வண்டிக்காரருக்கு அதை எடுத்துச் சொல்ல வராது. "புஷ் போச்சு, ஆர்ம் போச்சு" என்று சொல்லிவிட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். பழைய வேன் ஒன்றின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டிருந்த பெஞ்சில் காத்திருப்பவர்கள் விழிப்பார்கள். பிறகு அம்மா பக்கம் திரும்புவார்கள். "இப்ப என்னக்கா பண்றது?" அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அதுவே அவள் வேலையாகிவிட்டது.

பதில் சொல்வதற்கு முன் அம்மா ஒன்று கேட்பாள்: "வண்டியை யாரு ஓட்டுறது?" ஒரே கோளாறுக்கு ஒருவரிடம் "இன்னைக்கே மாத்திடுங்க" என்பாள், இன்னொருவரிடம் "மழை முடியட்டும், பார்த்துக்கலாம்" என்பாள். குழந்தைகளை ஏற்றிப் போகிறவருக்கு ஒன்று. ஞாயிறு மட்டும் வண்டியை வெளியே எடுக்கும் பேங்க்காரருக்கு ஒன்று. கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டுகிறவரைக் கண்டால் வைப்பர் ரப்பர்கூட அன்றே மாற்றப்பட வேண்டும்.

எனக்கு இது ஒத்துவராது. கார் பாகங்கள் செய்யும் நிறுவனத்தில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பாகங்களை உடைப்பதுதான் வேலை. சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் பால் ஜாயிண்டை இயந்திரத்தில் மாட்டி, கிண்ணத்திலிருந்து உருண்டை கழன்று வரும்வரை ஆட்டுவோம். சில, கழல்வதற்கு முன் சத்தம் போடும். சில போடாது. அந்த இரண்டாவது வகையைப் பார்த்தவர்களுக்கு "ஓடும்" என்ற சொல் வாயில் வராது.

"உங்க பொண்ணுகிட்ட ஒரு வண்டியைக் காட்டினா ஹாரனைத் தவிர எல்லாத்தையும் மாத்தச் சொல்லும்க்கா" என்பார் ஃபோர்மேன் மாமா.

"ஹாரனை மட்டும் ஏன் விடப்போறா?" என்பாள் அம்மா.

எங்கள் பெரிய சண்டை நிதானத்தின் வண்டியால் வந்தது. டாக்ஸி ஓட்டுகிறவர். சைக்கிள்கள் அவரைத் தாண்டிப் போகும். அதனால் அந்தப் பெயர். அவரே தொலைபேசியில் "நிதானம் பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். ஃபோர்மேன் மாமா அவர் வண்டியைத் தூக்கிச் சக்கரத்தடியில் கம்பி கொடுத்து நெம்பினார். முன்பக்கம் இடது பால் ஜாயிண்டில் ஆட்டம். அதைத் தாங்கும் ஆர்மோடு சேர்த்து மாற்ற வேண்டும். சாமான் வெளியூரிலிருந்து வரவேண்டும். அதுவரை வண்டி நின்றால் அவர் பிழைப்பும் நிற்கும்.

அம்மாவை அழைத்துப் போக நான் வந்திருந்தேன். மேசையருகே நின்று அம்மா அவரிடம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வண்டியை யாரு ஓட்டுறது?"

"நான்தான்க்கா. வேற எவன் தொடுவான்?"

"அப்ப ஓடும். குழியைப் பார்த்து இறக்குங்க. சத்தம் மாறினா அன்னைக்கே வந்துடணும்."

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். அம்மா கொடித்துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தம் மாறினா வரச் சொன்னியே. மாறாமலே கழண்டா?"

"அந்த ஆளு போற வேகத்துல கழண்டா வண்டி உட்காரும். இறங்கி வந்து நம்மளத் திட்டுவாரு."

"யாரு ஓட்டுறாங்கன்னு அந்த உருண்டைக்குத் தெரியாதும்மா."

"குழியில எந்த வேகத்துல விழுதுன்னு தெரியும்ல?"

"நான் தப்பாச் சொன்னா ஒருத்தருக்கு வீண் செலவு. அவ்வளவுதான். நீ தப்பாச் சொன்னா?"

அம்மா ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"முன்னாடி இருந்த பட்டறையில முதலாளி ஒண்ணு சொல்லிக் கொடுத்தாரு. எதைப் பார்த்தாலும் ஆபத்துன்னு சொல்லணும். டயரா, ஆபத்து. கண்ணாடியா, ஆபத்து. நானும் சொன்னேன். ஒருநாள் ஒருத்தருக்கு நிஜமாவே பிரேக் லைன் அரிச்சுப்போயிருந்துச்சு. சொன்னேன். சிரிச்சிட்டே சாவியை வாங்கிட்டுப் போயிட்டாரு." துணிகளை அலமாரியில் வைத்தாள். "போனவரு அப்புறம் என்ன ஆனாருன்னு தெரியாது. அந்தச் சிரிப்பை நீ பார்த்ததில்ல."

அன்று நான் தூங்கப் போனபோதும் என் கட்சியில்தான் இருந்தேன். அவளும் அவள் கட்சியில். அதற்காக ஒருவரோடு ஒருவர் பேசாமலெல்லாம் இல்லை. சாமானுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வாரங்கள் போயின. அது வந்து சேரவில்லை. நிதானமும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு, கடைசிச் சக்கரத்தில் இருக்கும்போது, பெடலில் கால் வைத்தபடியே அம்மா சொன்னாள்.

"நிதானத்துக்கு முழங்கால் வீங்கிப்போச்சாம். அவரோட அக்கா பையன்தான் இப்ப வண்டி ஓட்டுறான். நேத்து பட்டறை வாசல்ல போனான். அவன் போன வேகத்துக்கு நான் மேசையில இருந்த காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டேன்."

கீழே படுத்திருந்ததால் அவள் முகம் தெரியவில்லை.

"என்ன பண்ணப் போற?"

"முதல்ல விடுன்னு சொல்லு. கால் வலிக்குது."

"விடு" என்றேன்.

மறுநாள் மதியம் அம்மா மேசையில் தலை சாய்த்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்து ஃபோர்மேன் மாமா மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். இதயம் என்றார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் பட்டறையின் வாடிக்கையாளர்கள். அவர்களின் முகம் எனக்குப் பழக்கமில்லை. "வெள்ளை வண்டி, கிளட்ச்" என்று அறிமுகம் செய்துகொண்டார்கள். நிதானமும் வந்தார். அக்கா பையன் ஓட்ட, அவனுடைய அம்மாவும் இரண்டு குழந்தைகளும் பின்சீட்டில். தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது இடது பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. வீட்டுக்குள் அழுதுகொண்டிருந்தவர்களுக்கு நடுவே எனக்கு மட்டும் அது கேட்டிருக்கும்.

அவர்கள் கிளம்பியபோது செருப்பில்லாமல் தெருவுக்கு வந்தேன்.

"அண்ணே, வண்டியை எடுக்காதீங்க."

"என்ன பாப்பா?"

"முன்னாடி இடது பக்கம். அதோட இனிமே போகக்கூடாது."

நிதானம் வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்தார். "அக்கா ஓடும்னாங்களே பாப்பா. அவங்க சொல்லி ஒண்ணு தப்பினதில்ல. இன்னைக்குப் போயி அது தப்புன்னு நான் எப்படி நினைப்பேன்?"

என்னிடம் சொல்ல நிறைய இருந்தது. விசை, தேய்மானம், நான் உடைத்தவை. எதைச் சொன்னாலும், அம்மாவைக் கிடத்தியிருந்த வீட்டு வாசலில் அம்மா சொன்னது தப்பு என்று ஆகும். அவர் கேட்கவும் மாட்டார். மரியாதைக்காகவே அந்த வண்டியில் ஏறிப் போவார்.

"அம்மா வண்டிக்குச் சொல்லலண்ணே. உங்களுக்குச் சொன்னாங்க. யாரு ஓட்டுறதுன்னு கேட்டாங்கல்ல? நீங்க என்ன சொன்னீங்க?"

நிதானம் அக்கா பையன் பக்கம் திரும்பினார். கையை நீட்டினார்.

"சாவியைக் கொடுடா."

"நான் என்ன மாமா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. கொடு."

"இந்த முழங்காலை வச்சுக்கிட்டு பஸ்ஸுல எப்படி ஏறுவ?" என்றாள் அவர் அக்கா.

"நிதானமாத்தான்" என்றார்.

குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வண்டி எங்கள் வாசலிலேயே நின்றது.

சாமான் வந்த அன்று வண்டியை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள்; நானும் போனேன். ஃபோர்மேன் மாமா பழைய ஜாயிண்டைக் கழற்றி, கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாசம் ஓடியிருக்கும்."

"ஓடியிருக்காது மாமா."

"நான் எத்தனை பார்த்திருக்கேன்."

"நானும்தான்."

என்னிடம் கொடுத்தார். கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் மெலிந்து போயிருந்தது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் இதைவிட மோசமானவை தாங்கியிருக்கின்றன. இதைவிட நல்லவை கழன்றும் இருக்கின்றன. அதைச் சொல்லவில்லை. முன்மேசையில் யாரும் இல்லை. வேன் சீட்டில் ஒருவர் காத்திருந்தார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாமா புது ஆர்மை மாட்டி, போல்ட்டை இறுக்கி முடித்த பிறகு சொன்னார்.

"அக்கா போன அன்னைக்கு, சாயங்காலம் சீக்கிரம் கிளம்பணும்னு காலையிலயே சொல்லி வச்சிருந்தாங்க. எங்கேன்னு கேட்டேன். டாக்ஸி ஸ்டாண்டுக்குன்னாங்க. ஒருத்தருக்கு ஒண்ணு சொல்லிட்டேன், அதைத் திரும்ப வாங்கிக்கணும்னாங்க."

"ஃபோன்ல சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதைத்தான் கேட்டேன். ஓடும்னு மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன், ஓடாதுங்கிறதை மட்டும் ஃபோன்லயா சொல்றதுன்னாங்க."

ஸ்டாண்டு, பட்டறையிலிருந்து நடக்கிற தூரம்தான். பகலெல்லாம் அந்த வண்டி சவாரியில் இருக்கும். சாயங்காலம்தான் அங்கே நிற்கும்.